தடைக்காலத்தில் அதிர்ந்த போன்

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் என் கடைக்கு அடுத்த கடை விஜிலாவுடையது. என் கடையில் நைலான் கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு. அவள் கடையில் கெட்டுப்போன செல்போன்கள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் முனகினால் அவளுக்குக் கேட்கும். ஏழு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

அவள் கடை திறந்த அன்று, "பொம்பளப் பிள்ள போன் ரிப்பேரா? மூணு மாசம் தாங்குனா பெருசு" என்று சொன்னவன் நான்தான். பெயர் காசிலிங்கம். என் கணிப்பு பொய்த்துப்போனதை இதுவரை யாரிடமும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. இங்கே ஒப்புக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது பின்னால் வரும்.

விஜிலா இந்த ஊர்ப் பெண்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் இருந்தாள். அங்கே எந்தப் போன் வந்தாலும் ஒரே பதில்தானாம், 'போர்டு போயிட்டு, மாத்தணும்.' ஒரு நாள் ஒரு அம்மா, பேசுவது கேட்கவில்லை என்று போனைக் கொண்டுவந்திருக்கிறார். காதில் வைக்கிற இடத்தில் அழுக்கு அடைத்திருந்தது. இவள் பிரஷ்ஷால் தட்டி, கையோடு திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மேனேஜர் குதித்திருக்கிறார். மறுநாள் இவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். "அழுக்குக்குப் போர்டு மாத்தச் சொல்லுதான் அண்ணாச்சி. எனக்கு அங்கன என்ன வேலை?" என்று என்னிடம் கேட்டாள். கேள்வியில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. தான் செய்ததில் அவளுக்கு அப்படி ஒரு தெளிவு.

அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, பார்க்காமல் பதில் சொல்ல மாட்டாள். 'சரியாகுமா, எப்ப கிடைக்கும்' என்று எத்தனை தடவை கேட்டாலும், "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பதோடு சரி. இரண்டாவது, போனுக்குள் இருக்கிற சங்கதியைப் பார்க்க மாட்டாள். ஒரு பையன் தனக்கு நிச்சயம் செய்த பெண்ணின் போனைக் கொண்டுவந்து, அதிலிருந்த மெசேஜை எல்லாம் எடுத்துத் தரச்சொன்னான். "நான் போனைத்தான் திறப்பேன், ஆளைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லி அவனைத் தெருவரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள்.

வயது முப்பத்தாறு. ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று அவளிடம் நேருக்கு நேர் கேட்ட புத்திசாலி நான் ஒருவன்தான். "உங்க கடைக் கயிறு எவ்வளவு இழுத்தா அறும்னு நான் கேட்டனா அண்ணாச்சி?" என்றாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தும்மல் தவிர வேறு சத்தம் வரவில்லை.

இப்போது ரெக்ஸ் கதைக்கு வருகிறேன்.

ரெக்ஸ் விசைப்படகு டிரைவர். இருபது வருடமாகக் கடலில் இருக்கிறவன், என் கடைக்குப் பழைய வாடிக்கை. ஏப்ரல் பாதியில் தடைக்காலம் தொடங்கினால் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் கடலை அடைத்துவிடும். படகெல்லாம் கட்டிக் கிடக்கும். சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, கிழிந்த வலையைப் பொத்துவது என்று பகல் போகும். மீதி நேரம் டீக்கடையில் போகும்.

இந்த வருடம் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் கழித்து, ரெக்ஸின் போன் விடியற்காலம் நாலரை மணிக்கு அதிர ஆரம்பித்தது. ஒரு தடவை உர்ர் என்னும், நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. இருபது வருடமாக அந்த நேரத்தில் படகு முதலாளிதான் கூப்பிடுவார், காற்று எப்படி, போகலாமா வேண்டாமா என்று. அந்தப் பழக்கத்தில் ரெக்ஸ் பாய்ந்து போனை எடுப்பான். திரையில் ஒன்றும் இருக்காது. பக்கத்தில் படுத்திருக்கிற மனைவி விழித்துவிடக் கூடாதே என்று கவிழ்த்து வைத்துவிட்டுப் படுப்பான்.

மனைவி ஜெர்லின் விழித்துத்தான் கிடந்தாள்.

"யாரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"யாருமில்ல" என்றிருக்கிறான்.

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். நீங்களே சொல்லுங்கள், கடல் அடைத்துக் கிடக்கிற காலத்தில் படகு டிரைவரை விடியற்காலத்தில் யார் கூப்பிடுவார்கள்? யாருமில்லாத போனை ஒருவன் ஏன் பாய்ந்து எடுத்துக் கவிழ்த்து வைக்கிறான்? அவன் குளிக்கப் போன நேரத்தில் ஜெர்லின் போனை எடுத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் வந்த அழைப்பு என்று எதுவுமே பதிவாகவில்லை. ஏதாவது இருந்திருந்தால்கூட அவள் மனது ஆறியிருக்கும். ஒன்றுமே இல்லாததால் அழித்துவிட்டான் என்று நினைத்தாள்.

இவ்வளவும் நான்கு சுவருக்குள் இருந்த விஷயம். அதை வெளியே கொண்டுவந்தது நான். ரெக்ஸ் என் கடையில் கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து, "வீட்டுல ஒரே பாடா இருக்கு அண்ணாச்சி, போன் சும்மா சும்மா அடிக்கு, அவ நம்ப மாட்டேங்கா" என்று சங்கடப்பட்டுச் சொன்னான். நான் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அனுப்பிய கையோடு டீக்கடைக்குப் போய், "நெருப்பில்லாம புகையுமாலே?" என்று ஆரம்பித்துவிட்டேன். தடைக்காலத்தில் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. கண், மூக்கு, காதெல்லாம் வைத்து, சாயங்காலத்துக்குள் ரெக்ஸுக்குக் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு வீடே கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பேச்சு தருவைகுளம் வரைக்கும் போயிற்று. ஜெர்லினின் அண்ணன் கிளாட்வின் அங்கே உப்பளத்தில் சூப்பர்வைசர். அவர்கள் அப்பா காலத்திலிருந்தே அளத்து வேலைதான். கிளாட்வின் வேன் எடுத்துக்கொண்டு வந்து தங்கச்சியையும் அவளுடைய எட்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அந்த மகளுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற பிள்ளையை அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் கைப்பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போவார்கள். ஜெர்லின் வேனில் ஏறும்போது சொன்னது இது: "உண்மை என்னன்னு தெரியாம உங்ககூட நான் கோயில்ல நிக்க மாட்டேன். பிள்ளைய நானே கூட்டிட்டுப் போறேன். நீங்க வர வேண்டாம்."

திங்கட்கிழமை காலையில் ரெக்ஸ் விஜிலா கடைப் படியேறினான். சுவர் வழியாகக் கேட்டதையும் வாசலில் எட்டிப் பார்த்ததையும் சொல்கிறேன்.

"எப்ப அடிக்கு?" என்று விஜிலா கேட்டாள்.

"எப்பவும் அடிக்கு."

"எப்பவும்னு ஒண்ணு கிடையாது ரெக்ஸண்ணே. நேரத்தச் சொல்லுங்க."

"விடியக்காலம். அப்புறம், மழை மோடம் போட்டு இருட்டுனா. சமயத்துல அடுப்படியில வச்சாலும் அடிக்கு."

விஜிலா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் காற்று, அலை எச்சரிக்கை சொல்கிற ஆப் ஒன்று இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். "இதுதான். விடியக்காலம் எச்சரிக்கை அனுப்பும், இதோட வேலைதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டு அதை எடுத்துவிட்டாள். ரெக்ஸுக்கு முகம் மலர்ந்தது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலம் ஏழு தடவை அதிர்ந்தது.

அவன் வந்து சொன்னதும் விஜிலா கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்தாள். பிறகு, "நான் சொன்னது தப்பு. பாக்காமச் சொல்லிட்டேன்" என்றாள். தப்பைத் தப்பு என்று சொல்லும்போதும் அவள் குரல் இறங்காது, சரி என்று சொல்லும்போது இருக்கிற அதே குரல்தான். எனக்கு அது எப்போதும் எரிச்சல். தப்பு செய்தவர்கள் கொஞ்சம் குழைய வேண்டாமா?

அன்றைக்குப் பகல் முழுக்கப் போன் அவள் மேசையில் இருந்தது. அது ஒரு முணுமுணுப்புக்கூடக் காட்டவில்லை. மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வந்த மருமகன் மாதிரி போன் அடக்க ஒடுக்கமாகக் கிடந்தது.

மத்தியானம் கிளாட்வின் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த தோரணையிலேயே வந்த காரியம் தெரிந்தது.

"மச்சான் போன் இங்கனதான கிடக்கு? அதுல அழிச்ச போன் காலையெல்லாம் எடுத்துக் குடு. எந்த நம்பர்னு எனக்குத் தெரியணும்."

"தர முடியாது" என்றாள் விஜிலா.

"எடுக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சாலும் எடுக்க மாட்டேன். அது அவரு போனு. அதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்குறது என் வேலை இல்ல. ஏன் அதிருதுன்னு பாக்குறதுதான் என் வேலை. பாத்துட்டு உங்க தங்கச்சிக்கே சொல்லுதேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லணும்."

"சொல்லுவேன்" என்றாள். அவன் போன பிறகு நான் எட்டிப் பார்த்து, "ஏம்மா, முன்ன பின்ன தெரியாம வாக்கு குடுக்கியே" என்றேன். "கெட்டுப்போன சாமானுக்குக் காரணம் இருக்கும் அண்ணாச்சி. காரணம் இல்லாமப் பேசுறது மனுசந்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. டீக்கடை விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ரெக்ஸை வரச் சொல்லி, சிம்மைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனையும் கொடுத்தாள். "இப்ப இதுக்கு யாருமே கூப்பிட முடியாது. வீட்டுல வழக்கமா வைக்கிற இடத்துலயே வைங்க. அடிச்சா நேரத்த எழுதுங்க. இன்னொண்ணு, அடிக்கிற அந்த நிமிசம் திரையில என்ன தெரியுதுன்னு பாருங்க. பேரு வருதான்னு தேடாதீங்க. சும்மா என்ன தெரியுதோ அதப் பாருங்க."

புதன்கிழமை காலையில் ரெக்ஸ் ஒரு தாளை நீட்டினான். நாலு நாற்பது, நாலு ஐம்பத்திரண்டு, ஐந்து பத்து என்று வரிசையாக எழுதியிருந்தான். "சிம் இல்லாமலே அடிக்கு விஜிலா! மேல மூலையில மின்னல் மாதிரி குட்டியா ஒண்ணு வந்து வந்து மறையுது. இத்தன நாளா நான் அதப் பாக்கவே இல்ல."

விஜிலா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. அந்த மின்னல் குறி, சார்ஜ் ஏறுகிறது என்பதற்கான அடையாளம். சார்ஜர் வயரைச் செருகினால் போன் ஒரு தடவை அதிரும். வயரே இல்லாமல் ரெக்ஸின் போன், யாரோ செருகுகிறார்கள், பிடுங்குகிறார்கள், மறுபடி செருகுகிறார்கள் என்று நினைத்து அதிர்ந்துகொண்டிருந்தது.

போனின் அடியில் சார்ஜர் செருகுகிற வாயை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரெக்ஸிடம், "போன் எப்பவாவது தண்ணியில விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

"விழுந்துச்சே. தடை ஆரம்பிச்ச அன்னைக்கு, படகக் கட்டும்போது துறைமுகத்துக்குள்ளயே விழுந்துட்டு. உடனே எடுத்துட்டேன். செத்துப் போச்சுன்னுதான் நெனச்சேன். வீட்டுல குடுத்துட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். மறுநாள் சாயங்காலம் பாத்தா மாதா படத்துக்கு முன்னால உயிரோட இருக்கு! பனிமய மாதா கோயில்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்தேன்."

விஜிலா மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தாள். "பாத்தாச்சு. காரணம் கிடைச்சிட்டு" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப சரி பண்ணிக் குடு. நான் இப்பவே தருவைகுளம் போறேன்."

"சரி பண்ண மாட்டேன்."

ரெக்ஸ் திகைத்து நின்றான். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் திகைத்தேன்.

"சரி பண்ணிட்டா இது அதிராது. அதிராத போனக் கொண்டுபோய் என்னத்தக் காட்டுவீங்க? இந்தத் தாளைக் காட்டுவீங்களா? உங்க சொல்ல நம்பாத ஆளு உங்க கையெழுத்த நம்புவாங்களா? இது கெட்டது கெட்டபடியே இருக்கட்டும். அவங்க வந்து கண்ணால பாக்கட்டும்."

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அவ வர மாட்டா" என்றான். விஜிலா அவனிடம் நம்பர் வாங்கித் தானே ஜெர்லினுக்குப் போன் செய்தாள். நான் கேட்டது முழுதும் இவ்வளவுதான்: "உங்க வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரான்னு எனக்குத் தெரியாதுங்க. அவரு போன் ஏன் அதிருதுன்னு தெரியும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தா காட்டுதேன். அதுக்குப் பொறவு நீங்க என்ன முடிவெடுத்தாலும் அது உங்க இஷ்டம்."

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ரெக்ஸ் என் கடைக்கு வந்து அதே கயிற்றுச் சுருளில் உட்கார்ந்திருந்தான். மகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்து வந்திருக்கிறதாம். போட்டுப் பார்த்த படத்தை யாரோ அவனுக்குக் காட்டியிருக்கிறார்கள். "என் மக எனக்குக் காட்டாம வேற யாருக்கோ போட்டுக் காட்டியிருக்கா அண்ணாச்சி" என்றான். இரண்டு நாளும் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ஜெர்லின் வந்தாள், அண்ணன் கூடவே. விஜிலா ரெக்ஸைத் தன் கடைக்குள் விடவில்லை. "நீங்க பக்கத்துக் கடையில இருங்க. நீங்க என்னமோ வித்தை பண்ணுனீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "அண்ணாச்சி, நீங்க வாங்க. வெளியில போய்ப் பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும்."

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு போய் ஓரமாக நின்றேன்.

ஜெர்லின் மெலிந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. விஜிலா போனை அவள் கையிலேயே கொடுத்து, சிம்மை அவளையே கழற்றச் சொன்னாள். ஜெர்லின் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். போனை மேசை மேல் வைத்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

"என்னம்மா, சும்மா கிடக்கு?" என்றான் கிளாட்வின்.

"கிடக்கட்டும். இப்ப இந்த இடம் காஞ்சு கிடக்கு. உங்க மச்சான் வீட்டுல கடல் பக்கத்து ஜன்னல்லதான் போன வைப்பாரு. விடியக்காலம் அங்க ஈரம் எப்படி இருக்கும்னு உங்க தங்கச்சிக்குத் தெரியும்."

விஜிலா தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள், நல்ல அகலமான எவர்சில்வர் டப்பா. நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றை அடியில் விரித்தாள். அதன் மேல் ஒரு சின்னத் தட்டு, தட்டின் மேல் போன். மூடியைப் போட்டு அழுத்தினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அந்தப் போன் மட்டும் இப்போது அதிராமல் போனால் ஒரு குடும்பம் போயிற்று, அதில் என் பங்கும் இருக்கிறது. எங்கள் குலசாமியைக்கூட வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். விஜிலா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

டர்ர்ர் என்றது டப்பா.

ஜெர்லின் ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு தடவை டர்ர்ர். கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்றாவது தடவை. விஜிலா மூடியைத் திறந்து காட்டினாள். மூலையில் மின்னல் குறி வந்தது, மறைந்தது, வந்தது.

"சிம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் விஜிலா.

"என் பையில" என்றாள் ஜெர்லின்.

"அப்ப இதுக்குக் கூப்பிட்டது யாரு?"

ஜெர்லின் ஜிப்பைத் திறந்து சிம் இருக்கிறதா என்று பார்த்தாள். விஜிலா போனின் அடிப்பக்கத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்து, பக்கத்திலிருந்த திரையில் காட்டினாள். சார்ஜ் வாய்க்குள் வெள்ளையாக மணி மணியாக இருந்தது. ஊசியால் இரண்டு மணியை எடுத்து ஒரு கறுப்புத் தாளில் வைத்தாள். "உப்பு. ஈரம் பட்டாக் கசியும், கசிஞ்சா அதுல கரண்ட் ஓடும். சார்ஜர் செருகியாச்சுன்னு போன் நெனச்சுக்கிடும். வெயில் ஏறுனாக் காஞ்சிரும், அதிர்றதும் நின்னுரும். கடல்ல விழுந்த போனு, கடல் உப்பு உள்ள போயிருக்கு. அவ்வளவுதான். மனுசங்க பேருல குத்தம் இல்ல."

கிளாட்வின் பெருமூச்சு விட்டான். நல்லவன்தான், தங்கச்சி பாசத்தில் வந்த கோபம். "சரி, விடு. அப்ப மச்சான் சொன்னது நெசந்தான்" என்றான். அதோடு எல்லாம் முடிந்தது என்று நானும் செருப்பைத் தேடினேன்.

ஜெர்லின் அந்தக் கறுப்புத் தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விரல் நுனியால் ஒரு மணியைத் தொட்டு நசுக்கிப் பார்த்தாள்.

"இது கடல்தண்ணி காஞ்ச உப்பு இல்ல" என்றாள். "அது படலமாத்தான் படியும், இப்படி மணி விழாது. இது அளத்து உப்பு."

விஜிலா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"நாந்தான் போட்டேன். அன்னைக்கு அவரு அசந்து தூங்கிட்டாரு. போன் நனஞ்சு கிடக்கு. எங்க அப்பா டார்ச் லைட் நனஞ்சா உப்புக்குள்ள பொதச்சு வைப்பாரு, உப்பு ஈரத்த இழுக்கும்னு. வீட்டுல அண்ணன் குடுத்த அளத்து உப்பு ஒரு பானை இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு நாள் பூரா பொதச்சு வச்சேன். துண்டால தொடச்சு மாதா படத்துக்கிட்ட வச்சேன். அவரு மாதா புதுமை, அற்புதம்னு சந்தோசப்பட்டாரு. அந்தச் சந்தோசத்த ஏன் கெடுக்கணும்னு நான் சொல்லல."

"ஏளா, சும்மா இரு. அதான் எல்லாம் முடிஞ்சிட்டுல்லா" என்றான் கிளாட்வின்.

"ஏன் சும்மா இருக்கணும்?" என்று அண்ணன் மேல் பாய்ந்தாள். "அவரு பேருல ஊரே பேசும்போது அவரு சும்மாதான இருந்தாரு. போன கெடுத்ததும் நானு, அவரக் கெட்டவருன்னு சொன்னதும் நானு. இத நானே சொல்லலேன்னா அப்புறம் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு ஒரு நாள் விஜிலாவிடம் கேட்டேன், உனக்கு முதலிலேயே தெரியுமா என்று. "உப்புல போட்டிருக்குன்னு புதன்கிழமையே தெரியும். டப்பாவுலயும் மூணு தடவ சோதிச்சுப் பாத்துட்டேன். யாரு போட்டதுன்னு தெரியாது, கேக்கவும் நெனக்கல, அதான் கடல் உப்புன்னு சொல்லி விட்டுட்டேன். மத்த ஊர்ல நனஞ்ச போன அரிசிக்குள்ள போடுவாங்க, நம்ம ஊர்லதான் உப்புக்குள்ள போடுவோம்" என்றாள்.

அன்றைக்கு விஜிலா ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் எடுத்துச் சார்ஜ் வாயைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். ஜெர்லின் என் கடைக்கு வந்தாள். ரெக்ஸ் எழுந்து நின்றான். சுவர் வழியாக அவனுக்கு எல்லாம் கேட்டிருக்கும், அது எப்படிப்பட்ட சுவர் என்பதுதான் எனக்குத் தெரியுமே.

"உங்கள நம்பாம அந்தப் போன நம்பிட்டேன்" என்றாள்.

"நானும் யாருமில்ல யாருமில்லன்னே சொன்னேன். ஒரு நாளாவது உன் கையில குடுத்து, என்னன்னு நீயும் பாருன்னு சொல்லியிருக்கணும்" என்றான் ரெக்ஸ். பிறகு, "கவுன் அளவு சரியா இருக்கா?" என்று கேட்டான். "கொஞ்சம் நீளம்" என்றாள் அவள். இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. ஒரு பெண் தன் அண்ணனுக்கு முன்னால் நின்று சொன்னதை, அறுபது வயதுக் கிழவன் நான் சொல்லாமல் இருப்பதா? "ரெக்ஸு" என்றேன். "டீக்கடையில அந்தப் பேச்சக் கிளப்புனது நாந்தான்லே."

அவன் என்னை நிதானமாகப் பார்த்தான்.

"தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு சாயங்காலமே தெரியும்" என்றான்.

"தெரிஞ்சுமா தினம் இங்கன வந்து உட்காந்த?"

"வேற எங்கன போவேன்? நாளைக்குப் பூசை முடிஞ்சு வீட்டுல சாப்பாடு. வந்துருங்க."

டீக்கடையில் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு டீ போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்லிப் புரியவைக்க அன்றைக்கு இருட்டும் வரை தொண்டை கிழியக் கத்தினேன். பாதிப் பேர்தான் கேட்டார்கள். மீதிப் பேர் குலசேகரன்பட்டினத்து வீட்டை இன்னும் இடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனேன். பிள்ளையை இரண்டு பேரும் கைப்பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போனதாக விஜிலா சொன்னாள். அவள் கோயிலிலிருந்து நேராக வந்திருந்தாள். பந்தியில் நான் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளை வெள்ளைக் கவுனோடு வந்து, என் இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்து, "சாப்பிடுங்க தாத்தா" என்றது. அதன் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.